பிரிக்காத பெட்டிகள்

ஜூன் 18, ஞாயிறு

விற்றுவிட்டேன்! ஒரு சுவர்க் கடிகாரம்தான், அதுவும் பாதி விலைக்குத்தான். ஆனாலும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும், சொல்ல ஆளில்லை. அதனால்தான் இந்த டைரியைத் தூசி தட்டினேன்.

எங்கள் கல்யாணத்துக்கு வந்த கடிகாரங்களை வைத்து ஒரு ரயில் நிலையம் நடத்தலாம். கடிகாரம் மட்டுமா? அப்பா கடன் உடன் வாங்கிக் கொடுத்த சீர் முழுவதும் ஒண்டிப்புதூர் வீட்டு மாடி அறையில் மூன்று வருடமாகப் பெட்டிகூடப் பிரிக்காமல் கிடக்கிறது. ஃப்ரிட்ஜ், டிவி, வாஷிங் மெஷின், கிரைண்டர், மூன்று மிக்ஸி, பித்தளைப் பாத்திரங்கள். கீழே எல்லாமே இருக்கிறது, எல்லாமே பழசு. ஆனால் மாமனார் சட்டம் போட்டுவிட்டார். "மருமக கொண்டாந்ததை எடுத்துப் பொழங்குனா, இவனூட்ல ஒண்ணும் இல்லாமத்தான் பொண்ணெடுத்தான்னு ஊர் பேசும்." ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர் யாராவது வந்தால் மட்டும் மாடிக்குக் கூட்டிப் போய்க் காட்டுவார். டிக்கெட் போடாததுதான் குறை.

கல்யாணத்துக்கு முன்னால் திருப்பூரில் எம்பிராய்டரி யூனிட்டில் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டரில் டிசைன் போட்டு மெஷினுக்கு அனுப்புகிற வேலை. அங்கே பழக்கமான ஓர் அக்கா இப்போது தன் பழைய மெஷினை விற்கிறார். பள்ளிக்கூடச் சட்டைகளுக்குப் பேட்ஜ் போடும் ஆர்டரையும் எனக்கே விட்டுத் தருகிறாராம். ஆடி பிறப்பதற்குள் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் தயாராக இருக்கிறார். ஆடியில் நானும் புதிதாக எதுவும் தொடங்க முடியாது.

ஆக, மேலே தூங்குகிறதெல்லாம் போக வேண்டும், அந்த மெஷின் வர வேண்டும். செந்தூரனிடம் சொன்னேன். "அப்பாகிட்ட மட்டும் மாட்டிக்காத வேணி" என்று வீரமாகச் சொல்லிவிட்டு நைட் ஷிஃப்டுக்குப் போய்விட்டார். என் வீட்டுக்காரருக்கு வீரம் எப்போதும் வாசல் வரைக்கும்தான்.

மாமனாரைக்கூடச் சமாளிக்கலாம், அத்தைதான் பயம். என் மாமியார் தெய்வானை அத்தைக்குப் பேச்சு கம்மி, பார்வை அதிகம். மாடிச் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். இன்று எப்படியோ மறந்து ஆணியில் மாட்டிவிட்டார். அதிர்ஷ்டம்!

ஜூன் 20, செவ்வாய்

எங்கே விற்பது என்பதுதான் இப்போது கேள்வி. இன்று என் பழைய லேப்டாப்பை வைத்து வெள்ளோட்டம் பார்த்தேன். வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்ளும் ஆப் ஒன்றில் விவரம் போட்டேன். திரையில் வந்த விலையைப் பார்த்துத் துள்ளிவிட்டேன். நேரில் வந்த பையனோ மூலையில் கீறல், பேட்டரி வீக், கீபோர்டில் ஒரு எழுத்து அழிந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கழித்தான். இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் நான்தான் அவனுக்குக் காசு கொடுத்திருப்பேன். "போயிட்டு வாப்பா" என்று அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் அதையே முகநூலில் போட்டேன். பொள்ளாச்சியில் படிக்கும் ஒரு பெண் பேரமே பேசாமல் வாங்கிக்கொண்டாள். நல்லா இரு தாயி.

ஜூன் 22, வியாழன்

மாடிச் சாவி இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது, அத்தைக்கு ஞாபகமே வரவில்லை. பழைய பொருள் விற்கும் பெரிய ஆப்பில் ஒரு மிக்ஸியைப் போட்டேன். ஊர் பேர் தெரியாதவர்கள்தான் வருவார்கள், ரகசியம் காக்க இதுதான் நல்ல இடம் என்று கணக்கு. காலையிலிருந்து போன் சூடாகிவிட்டது. "இருக்கா?" என்று கேட்கிறார்கள். இருக்கிறது என்றால் போய்விடுகிறார்கள்! "லாஸ்ட் எவ்ளோ?" என்று கேட்டு, சொன்னதும், "அதுல பாதி?" என்கிறார்கள். ஒருவர் மிக்ஸிக்குப் பதில் ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் தருவதாகச் சொன்னார். ஏற்கெனவே கூண்டுக்குள் இருக்கிற பொருள்களை விற்கத்தானே இந்தப் பாடு.

மத்தியானம் ஒருவர் முழு விலைக்கும் சம்மதித்தார். வெளியூரில் வேலை, நேரில் வர முடியாது, அட்வான்ஸ் அனுப்புகிறேன் என்று ஒரு படம் அனுப்பினார். "அதை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க மேடம், பணம் உங்க அக்கவுண்டுக்கு வந்துரும்." மாடியில் நின்று ஸ்பீக்கரில் பேசிக்கொண்டே விரலைக் கொண்டுபோனேன். கீழேயிருந்து அத்தை போட்ட சத்தத்தில் போனே கைநழுவப் பார்த்தது.

"வேணீ! மாவு பொங்கி வழியுது, ஓடி வா!"

ஓடினேன். மாவு தேமேயென்று பாத்திரத்தில் பாதிதான் இருந்தது. "பொங்குற மாதிரி இருந்துச்சு கண்ணு" என்றார் அத்தை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதோடு நிறுத்தினாரா? "பணம் வாங்கறவங்க எதுக்குப் பின் நம்பர் போடோணும்? டிவில சொன்னான்" என்று யாரிடமோ சொல்வதைப்போலச் சுவரைப் பார்த்துச் சொன்னார். மேலே போய் அந்த ஆளைத் தடை செய்தேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. டிவிக்காரர்கள் வாழ்க.

ஜூன் 23, வெள்ளி

அதே ஆப்பில் கோயில்பாளையத்துக்காரர் ஒருவர் நிஜமாகவே கிளம்பி வருகிறேன் என்றார், இன்றைக்கே, விளக்கு வைக்கிற நேரத்தில்! வெள்ளிக்கிழமை வீட்டுப் பொருள் வெளியே போகக் கூடாது. எனக்கும் மனசு ஒப்பவில்லை, மிக்ஸி என்றாலும் லட்சுமிதானே. வேண்டாம் என்றால் போய்விடுவாரோ என்று நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அத்தை விளக்குக்குத் திரி போட்டபடி, "சனிக்கெழமை வரச் சொன்னா ஆகாதா? நாங்க காலைல பேரூர் போறோம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரைங் அத்தை?" என்றேன். "பால்காரனை. கணக்கு முடிக்கோணும்னானே" என்றார். அப்பாடா.

கோயில்பாளையத்துக்காரரும் சனிக்கிழமைக்குச் சரி என்றுவிட்டார். பேரூர் ஈஸ்வரா, நீ இருக்கிறாய்.

ஜூன் 25, ஞாயிறு

ஒரு மிக்ஸி, கிரைண்டர் இரண்டும் நேற்றே ஒரே ஆளுக்குப் போய்விட்டன! ஆனால் ஃப்ரிட்ஜ், டிவி மாதிரிப் பெரியவற்றுக்கு அந்த ஆப் சரிப்படாது. வருகிறவர்கள் எல்லாம் மூச்சு வாங்கப் படியேறி, தட்டிப் பார்த்து, "பெட்டி பிரிக்கலையே, திருட்டுப் பொருளா?" என்று சந்தேகமாகக் கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

என் சிநேகிதி ஷெரின் சிங்காநல்லூர் அடுக்குமாடியில் இருக்கிறாள். அங்கே வாட்ஸ்அப் குழுவில் காலையில் போட்டால் மத்தியானம் போய்விடுகிறதாம். நல்ல விலை, சண்டை சச்சரவு கிடையாது. "நம்பிக்கையான ஆளுங்கடி, ஒருத்தருக்கொருத்தர் தெரியும்" என்றாள். அதுதானே சிக்கல்! மாமனாருடன் மில்லில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் பாதிப் பேர் அங்கேதான் வீடு வாங்கியிருக்கிறார்கள். தெரியாதவனிடம் விற்றால் விலை கிடைக்காது, தெரிந்தவனிடம் விற்றால் விஷயம் நிற்காது.

கடைசியில் ஷெரின் பெயரிலேயே போடச் சொல்லிவிட்டேன். துணிந்தவளுக்குத் துக்கமில்லை.

ஜூன் 28, புதன்

ஃப்ரிட்ஜ் போயிற்று!! கல்யாணமாகி வீடு மாறியிருக்கும் ஒரு ஜோடி. அந்தப் பெண் பெட்டியைத் தடவித் தடவிப் பார்த்தாள். அவள் வீட்டில் இன்றைக்கே பால் வைப்பார்கள், ஐஸ் போடுவார்கள். எனக்குக் காரணமில்லாமல் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, எழுதிவிடுகிறேன்.

வெளிப்படி வழியாக இறக்கும்போது பயந்து செத்தேன். ஆனால் வீட்டில் ஒருவரும் இல்லை. அத்தைக்குக் காலையில் திடீரென்று கண் மங்கலாம், மாமனார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். திரும்பி வந்தபோது கேட்டேன். "ஒண்ணுமில்லீனு சொல்லிட்டாங்க" என்றார். பாவம், அலைச்சல்தான் மிச்சம்.

ஜூலை 1, சனி

டிவியும் போச்சு! டிவியும் போச்சு! இன்று வேறு எதுவும் எழுதப்போவதில்லை.

ஜூலை 4, செவ்வாய்

இன்று மாமனார் மாடிக்குப் போகக் கிளம்பினார். அத்தை குறுக்கே வந்து, "மேல எலி மருந்து வெச்சிருக்கேனுங். உங்களுக்கு முட்டி வேற வலிக்குதுன்னீங்க" என்றார். அவர் முட்டியைத் தடவிக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் நான் போய்ப் பார்த்தேன். ஃப்ரிட்ஜ் இருந்த இடத்தில் பெட்ஷீட் போர்த்தி, ஃப்ரிட்ஜ் உயரத்துக்கே ஏதோ நிற்கிறது! தூக்கிப் பார்த்தால் பழைய தலையணைகள், கோணிப்பை, அதற்கடியில் உடைந்த ஸ்டூல். நான்தான் அன்றைக்குப் பதற்றத்தில் அப்படி அடுக்கினேன் போலிருக்கிறது. சுத்தமாக ஞாபகமே இல்லை. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

எலி மருந்தை மட்டும் எங்கே தேடியும் காணோம்.

ஜூலை 8, சனி

எனக்கு வியாபாரம் வருகிறது! இப்போது பொருளைப் பார்த்தாலே அது எங்கே போகும் என்று தெரிந்துவிடுகிறது. கடிகாரமும் ஹாட் பாக்ஸும் முகநூலுக்கு, மிக்ஸி ஆப்புக்கு, பெரிய சாமான்கள் ஷெரின் குழுவுக்கு. வெளிச்சம் காலையில்தான் நன்றாக விழும், படத்தை அப்போதே எடுத்துவிட வேண்டும். முதலில் ஒரு விலை சொல்லி, பிறகு மனசில்லாத மாதிரி இறங்க வேண்டும். "பேக்கிங் பிரிக்கல" என்று ஒரு வரி போட்டால் மளமளவென்று வருகிறார்கள்.

இன்று பித்தளை அண்டாவை எடுத்தேன். எங்கள் நடராசு மாமா, அம்மாவின் தம்பி, தாய்மாமன் சீராகக் காங்கேயத்திலிருந்து கொண்டுவந்தது. மூன்று வருடத்தில் கறுத்துப் போயிருந்தது. புளி போட்டுத் தேய்த்தேன் பாருங்கள், முகம் பார்க்கலாம்! நாலு பக்கமும் படம் எடுத்து ஷெரினுக்கு அனுப்பினேன். உடனே பத்துப் பேர் கேட்டார்களாம். பித்தளைக்கு இப்போது நல்ல மவுசு. வரவேற்பறையில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்க விடுகிறார்களாம்.

ஜூலை 12, புதன்

அண்டாவும் மிச்ச மிக்ஸிகளும் பாத்திரங்களும் போயின. இனி வாஷிங் மெஷின் மட்டும்தான். சனிக்கிழமை எடுத்துக்கொள்வதாக ஷெரின் குழுவில் ஒருவர் சொல்லியிருக்கிறார். அது போனால் என் மெஷின் வந்த மாதிரிதான். திருப்பூர் அக்காவிடம் ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டேன். திங்கள் ஆடி ஒன்று. சரியாக இருக்கிறது!

நூல்கண்டு வாங்கியாயிற்று. தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன். சிரிக்காதே டைரி.

ஜூலை 15, சனி

எங்கிருந்து தொடங்குவது?

காலை டிபன் நேரத்துக்கு நடராசு மாமா காங்கேயத்திலிருந்து வந்து இறங்கினார். முகம் கடுகடுவென்றிருந்தது. அத்தை கொடுத்த காபியைத் தொடவில்லை. போனை எடுத்து மாமனாரின் முகத்துக்கு நேரே நீட்டினார். ஷெரின் குழுவில் போட்ட அண்டா! யாரோ யாருக்கோ அனுப்பி, சுற்றிச் சுற்றி அவர் மகள் போனுக்கே போய்விட்டது. நான் புளி போட்டுத் தேய்த்த தேய்ப்பில் அண்டாவின் கழுத்தில் வெட்டிய பெயர் பளபளவென்று மின்னியது. 'மாமன் சீர், ப. நடராசு, காங்கேயம்.' பெயர் வெட்டாத பாத்திரம் நம் வீடுகளில் ஏது? அது என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

"என்ற பேரு போட்ட அண்டாவை ஏலம் போடறாங்க. இதென்னுங் மச்சான் நாயம்?" என்றார்.

மாமனார் சிரித்தார். "அது வேற எவனோ நடராசா இருக்கும். நம்மூட்ல ஒரு கரண்டி அசையலீங். மேல வாங்க, கண்ணால பாத்துட்டே போங்க."

அத்தை, "சாவி எங்க வெச்சேன்னு..." என்று தேடினார். சாவி ஆணியிலேயே தொங்கியது. இருவரும் மேலே ஏறினார்கள். நான் பின்னாலேயே போனேன். போகிற வழியிலேயே சாமிகளுக்கெல்லாம் நேர்ந்துகொண்டேன்.

மாமனார் பெருமையோடு பெட்ஷீட்டை இழுத்தார். தலையணைகள் உருண்டன. அடுத்த பெட்ஷீட்டையும் இழுத்தார். டிவி இருந்த இடத்தில் ஒரு கிழிந்த பாய் நின்றது. கடைசியில் வாஷிங் மெஷின் மட்டும் தன்னந்தனியாக நின்றது. நான் வாயைத் திறந்தேன். "மாமா, நான்தான்..."

"நாந்தான் விக்கச் சொன்னேன்" என்றார் அத்தை.

நான் திரும்பிப் பார்த்தேன். சத்தியமாக எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் புரிந்தது. ஆணியில் மாட்டிய சாவி, பொங்காத மாவு, மங்காத கண், இல்லாத எலி மருந்து. நான் ஒரு முழு முட்டாள்.

மாமனார் முகம் சிவந்தது. "யாரைக் கேட்டு வித்தே?"

"எனக்கு வந்த சீரை முப்பத்திமூணு வருசம் முன்னால பரணுக்கு ஏத்துனீங்களே, அப்ப நீங்க யாரைக் கேட்டீங்க?" அத்தை குரலை உயர்த்தவே இல்லை. "புது ஃப்ரிட்ஜை மேல வெச்சுட்டு, கீழ ஒழுகற ஃப்ரிட்ஜைத் தொடச்சுட்டிருக்கோம் ரெண்டு பேரும். இந்தப் புள்ளைக்குக் கைத்தொழில் தெரியும். அது மெஷின் வாங்குது. இந்த ரூம்லதான் போடப் போவுது. நாஞ் சொல்லிட்டேன்."

நான் மெஷினைப் பற்றி அத்தையிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நூல்கண்டைப் பார்த்திருப்பார்.

நடராசு மாமாதான் முதலில் அசைந்தார். தொண்டையைக் கனைத்தார். "விக்கறது தப்பில்லீங். புள்ளைக்குன்னு குடுத்தது, அது என்னமோ பண்ணிக்கட்டும். என்ற பேரை மறைக்காம போட்டதுதான் தப்பு. காங்கேயம் பூரா சிரிக்குது." பிறகு ஆறிய காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுக் கிளம்பினார்.

இந்தக் கூத்து ஷெரின் குழு வரைக்கும் போய், வாஷிங் மெஷின்காரரும் நழுவிவிட்டார். குடும்பத்தில் தகராறு இருக்கிற பொருள் வேண்டாமாம்! மத்தியானம் முழுக்க அழுதேன். எல்லாம் முடிந்து இந்த ஒன்றில் வந்து நின்றுவிட்டதே என்று ஆத்திரம். மாமனார் சாப்பிடவில்லை. வாசலில் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார். "அந்த ஃப்ரிட்ஜு எவ்வளவுக்குப் போச்சு?"

சொன்னேன்.

"அவ்வளவுதானா!" துள்ளி எழுந்தே விட்டார். "பெட்டி பிரிக்காத சாமானு! உன்னை நல்லா ஏமாத்திப் போட்டானுக. வியாபாரம் பேசத் தெரியாத புள்ளைய எவ விக்கச் சொன்னா?" அத்தையை ஒரு முறை முறைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பேக்கரிக்குப் போனார். அங்கேதான் பழைய மில்காரர்கள் சாயங்காலம் டீ குடிப்பார்கள். ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆகியிருக்கும். தோளில் துண்டோடு ஒரு பெரியவரையும் மினி டெம்போவையும் கூட்டிக்கொண்டு வந்தார். நான் போட்ட விலையைவிட மேலேயே பேசி, கையில் வாங்கி என்னிடம் நீட்டினார். முகத்தை மட்டும் வேறு பக்கம் வைத்துக்கொண்டார்.

ஆப்பாம், குழுவாம்! இத்தனை நாள் இந்த மனிதரை வாசலில் சும்மா உட்காரவைத்திருக்கிறோம்.

செந்தூரன் ஷிஃப்டிலிருந்து போன் செய்தார். "அப்பாவுக்குத் தெரிஞ்சிருச்சா? நான் இன்னிக்கு ஓவர்டைம் பாக்கட்டுமா?" என்றார்.

ஜூலை 16, ஞாயிறு

வந்துவிட்டது! நாலு பேர் தூக்கி மாடியில் வைத்தார்கள். நான் மஞ்சள் குங்குமம் வைத்தேன், அத்தை சூடம் காட்டினார். முதல் துணியில் சோதனைக்கு என்ன போடலாம் என்று யோசித்து, 'தெய்வானை' என்று போட்டேன். ஊசி தடதடவென்று ஓடி எழுத்து எழுத்தாக வந்தது. அத்தை அதைப் பார்த்துவிட்டுச் சட்டென்று கீழே போனார். கோபித்துக்கொண்டாரோ என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் பரணுக்கு ஏணி போடுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே வந்தார். ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த டூ-இன்-ஒன். சிங்கப்பூரில் இருந்த அவருடைய அண்ணன் கல்யாணத்துக்கு அனுப்பியதாம். அட்டை மஞ்சளாகியிருந்தது, ஒட்டிய டேப்பு அப்படியே இருந்தது.

"பாட்டுப்பொட்டி இருந்தா ஊட்டு வேலை நடக்காதுன்னுட்டாங்க உங்க மாமா. சரி, இதை எங்க போட்டா போகும் கண்ணு?"

எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது! இது ஆப்புக்கும் சரிப்படாது, ஷெரின் குழுவுக்கும் சரிப்படாது. பழைய ரேடியோ பைத்தியங்களுக்கென்றே முகநூலில் ஒரு குழு இருக்கிறது. படம் எடுத்துப் போட்டேன். இட்லி வேகிற நேரத்துக்குள் சென்னையிலிருந்து ஒருவர் போனிலேயே வந்துவிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன். அவர் சொன்ன விலையை நம்பாமல் இரண்டு முறை திருப்பிக் கேட்டேன்.

"ஆனா ஒண்ணு மேடம், சீல் பிரிச்சுடாதீங்க. பிரிக்காம இருந்தாதான் இந்த ரேட்டு. பிரிச்சிட்டீங்கன்னா பாதிகூடப் போவாது."

போனை வைத்ததும் அத்தை கேட்டார். "அவரு வாங்கியாவது பாட்டுக் கேப்பாரா?"

"மாட்டாருங் அத்தை. அப்படியே கண்ணாடி அலமாரில வெப்பாரு."

அத்தை எழுந்து கீழே போனார். வெண்டைக்காய் நறுக்குகிற கத்தியோடு வந்தார். நான், "அத்தை, விலை!" என்று கத்தினேன். அவர் டேப்பின் மேல் கத்தியை வைத்து ஒரே இழுப்பில் கிழித்தார். "பாதி வெலைக்கே வித்துக்கலாம் போ" என்றார்.

என் மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதில் சொருகினோம். முதலில் கரகரவென்றது. அத்தை திருகிக்கொண்டே இருந்தார். திடீரென்று ஓர் ஆண் குரல் தெளிவாக வந்தது. விவசாய நிகழ்ச்சி.

"மேல என்ன சத்தம்?" என்று மாமனார் கீழேயிருந்து கேட்டார். அத்தை சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினார். பிறகு கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்து, தென்னைக்கு எந்த மாதத்தில் என்ன உரம் வைக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். எங்களுக்கு ஒரு தென்னங்கன்றுகூடக் கிடையாது.